ஜன்னலுக்கு வெளியே ஒரு தகப்பனார்

டச்சு தேசத்துச் சித்திரக்காரர் ரெம்பிராண்டு, 1654-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிலே, செப்புத் தகட்டில் ஊசியால் கீறித் திராவகத்தால் அரிக்கச் செய்து அச்சிட்ட படம் ஒன்று உண்டு. தபால் கார்டு அளவுதான். அதில் தேவமாதா சிம்மாசனத்தில் வீற்றிருக்கவில்லை. சாதாரண வீடொன்றில் தாழ உட்கார்ந்து, குழந்தை யேசுவைக் கன்னத்தோடு அணைத்திருக்கிறாள். பூனை ஒன்று அவளுடைய ஆடை நுனியைப் பற்றி விளையாடுகிறது. (பூனை வராத வீடு எது?) காலடியில் நெளியும் பாம்போ, உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கே புலப்படும், பாவத்தின் சின்னம் அது. அவள் சிரசைச் சுற்றித் தனியே பிரபை தீட்டவில்லை. பின்னாலுள்ள ஜன்னலின் வட்டமே பிரபையாகிவிடுகிறது.

சூசையப்பர் எங்கே? வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார், சொந்த வீட்டிலேயே அந்நியரைப் போல! படம் முழுவதிலும் என் மனத்தை விட்டு அகலாதது அந்த முகந்தான்.

ரெம்பிராண்டின் இல்லத்தில் விவாகமின்றி அவருடன் வாழ்ந்து கர்ப்பவதியாயிருந்த ஹென்றிக்யே என்ற மாதை, அதே 1654-இல் திருச்சபையார் விசாரித்து, திருவிருந்தில் கலந்துகொள்ளலாகாதென்று விலக்கினார்கள். அக்டோபரில் அவள் பெண் குழந்தை கொர்னேலியாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது. சபை விலக்கிய தாய் வசித்த வீட்டிலே, அவ்வாண்டிலேதான், இந்தத் தேவமாதா உருவானாள்.

அந்தச் செப்புத் தகடு அழியாமல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.