படுத்துவிட்ட பட்டி நாய்

ஆட்டுப் பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் காவல் கிடந்த நாய், பத்து வயதைத் தாண்டியதும் எழத் தடுமாறுகிறது. பனிக்காலக் காலையில் நொண்டல் கூடுகிறது. "வயசாகிவிட்டது" என்று அதைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் விட்டுவிட்டு வருவோர் உண்டு. இது முறையல்ல, அவசியமும் இல்லை.

நொண்டல் எல்லாம் மூப்பினால் வருவதல்ல. வளைந்து பாதத்தில் குத்தும் நகம், விரலிடுக்கில் ஏறிய முள், உண்ணிக் காய்ச்சல் ஆகியவையும் காலை முடக்கும். இவை தீரக்கூடியவை. எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் முடிவுகட்டக் கூடாது. ஓரிரு நாளில் திடீரெனக் கால் இழுத்து, தாடை தொங்கி, எச்சில் ஒழுகினால் வெறிநோயாகவும் இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று வாயில் கைவிடுவது பேராபத்து.

மூட்டுத் தேய்வுதான் எனில், ஈரத்தரையில் படுக்க விடாமல் வைக்கோல் திணித்த கோணிச் சாக்கைப் போட வேண்டும். உடல் பெருக்க விடக்கூடாது. நடக்கும்போது அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கலாம். எழவே முடியாத நாயை மூன்று நான்கு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அவசியம். தவறினால் இடுப்பெலும்பு மேட்டில் புண்ணாகி, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

பெருங்கேடு, வீட்டிலிருக்கும் வலி மாத்திரைதான். மனிதருக்கான ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை இந்தியா 2006-இல் தடை செய்தது பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க; நாய்க்கு அது ஆகாது என்பது வேறு சங்கதி. நாய்க்கென்றே வலி மருந்துகள் உள்ளன. எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்லுவார்.