ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு கேட் செக்யூரிட்டி!

காலை ஆறு மணிக்கு ஒரகடம் ஜங்ஷனில் நின்னு பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க ஜன்னலில் தலை சாய்ச்சுத் தூங்கிட்டே போவாங்க. நானும் கொஞ்ச நாள் அந்தப் பஸ்ஸில் போனவன்தான். ஒரு உதிரிபாகக் கம்பெனி. பேர் வேண்டாமே!

அங்கே டெஸ்டிங் மெஷின் ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஒரு டேட்டா ஃபைல் தரும். ரோட்டில் ஓடுற வண்டியில் ஒரு பார்ட் கோளாறு பண்ணினால், அது எந்த நாள், எந்த ஷிஃப்ட்டில் டெஸ்ட் ஆச்சுன்னு கேட்பாங்க. பதில் அந்த ஃபைலில்தான் இருக்கு.

ரிப்போர்ட் எடுக்க பைத்தானில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். தேதி, ஷிஃப்ட், லைன் நம்பர், எத்தனை நாள் ஃபைலை வெச்சுக்கணும் - இந்த நாலையும் வரிசையாக டைப் பண்ணணும். வரிசை என் மண்டையில் மட்டும்தான் இருந்தது! ஒரு ராத்திரி ஆபரேட்டர் அண்ணன் ஒருத்தர் கடைசி ரெண்டையும் மாத்தி அடிச்சுட்டார். 'லைன் 2, நாள் 30' என்பது 'லைன் 30, நாள் 2' ஆச்சு. ரெண்டு நாளுக்கு முந்தைய ஃபைல் எல்லாம் காலி. மெஷினில் இன்னொரு காப்பி இருந்ததால் பிழைச்சோம். தப்பு என்னோடது, திட்டு வாங்கினது அவர்.

அன்னிக்குதான் ஆர்க்பார்ஸைக் கையில் எடுத்தேன். பைத்தானோடவே வர்ற மாட்யூல், தனியாக இன்ஸ்டால் பண்ண வேண்டாம். யூனிக்ஸ்காரங்களின் 'கெட்ஆப்ட்'தான் இதுக்குத் தாத்தா. பைத்தானில் 2003-ல் ஆப்ட்பார்ஸ் வந்தது, 2010-ல் ஆர்க்பார்ஸ் சேர்ந்தது.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஐடி கார்டு பார்த்துத்தானே உள்ளே விடுவார்? அதே வேலைதான் இதுக்கும். ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் 'மைனஸ் மைனஸ் லைன்', 'மைனஸ் மைனஸ் நாள்'னு பேரைச் சொல்லியாகணும். அப்புறம் எதை முன்னே அடிச்சாலும் குழப்பம் இல்லை. 'டைப்' என்ற இடத்தில் முழு எண்ணுன்னு சொல்லிட்டால் எழுத்து உள்ளே நுழையாது. ஷிஃப்ட்டுக்கு 'சாய்ஸஸ்' கொடுத்து ஏ, பி, சி மட்டும்னு வெச்சேன். லைன் நம்பருக்கும் அதேதான். ஆக, 'லைன் 30' வந்தால் ஒரு ஃபைலைக்கூடத் தொடாமல் ஸ்கிரிப்ட் நின்னுடும். 'மைனஸ் ஹெச்' அடிச்சால் உதவிப் பக்கம் தானாக வரும். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு வரி விளக்கம் மட்டும் நாம எழுதணும். சோம்பேறித்தனம் பண்ணாதீங்க பாஸ்!

இதில் ஒரு குழி இருக்கு, நானும் விழுந்தேன். அழிக்கணுமா வேண்டாமான்னு கேட்கிற ஆப்ஷனுக்கு டைப்பை 'பூல்'னு கொடுத்தேன். 'ஃபால்ஸ்'னு டைப் பண்ணினாலும் ஃபைலை அழிச்சுது! காரணம் சிம்பிள். காலியாக இல்லாத எந்தச் சொல்லும் பைத்தானுக்கு 'ட்ரூ'தான். அங்கே 'ஆக்‌ஷன்' என்ற இடத்தில் 'ஸ்டோர் ட்ரூ' போடணும். ஆப்ஷனைச் சொன்னால் அழிக்கும், சொல்லாவிட்டால் அழிக்காது. இப்போ என் ஸ்கிரிப்ட் சும்மா ஓடினால் அழிக்கப் போற ஃபைல் லிஸ்ட்டை மட்டும்தான் காட்டும்.

புதுசு போட்ட வாரமே அந்த அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, நைட்டுன்னு அடிச்சா வாங்க மாட்டேங்குதே... சி-ன்னு இங்க யாருப்பா சொல்றா?"

சாய்ஸஸில் நைட்டையும் சேர்த்துட்டேன்.