மடக்குக் கத்தியை எங்க வச்சுக்கிறது?

தோட்டம் பார்க்க வர்ற நகரத்து நண்பர்கள் பலர் கையில இப்போ ஒரு மடக்குக் கத்தி இருக்குது. சிலர்கிட்ட சிவப்புக் கைப்பிடி போட்ட சுவிஸ் கத்தி. சிலர்கிட்ட பேன்ட் பையில மாட்டிக்கிற கிளிப் வச்ச கறுப்புக் கத்தி. ஆசையா வாங்கிட்டாங்க, ஆனா எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை. "முன் பையிலயா, பின் பையிலயா, பெல்ட்டுலயாண்ணே?"ன்னு கேட்கிறாங்க. கேட்கிறதுக்குச் சின்ன விசயம் மாதிரித்தான் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்குல இருக்கிற எங்களுக்கு அது அவ்வளவு சின்ன விசயம் இல்லை. ஒரே கத்திதான். வைக்கிற இடத்தைப் பொறுத்து அது வேலைச் சாமானாவும் இருக்கும், வம்புச் சாமானாவும் ஆகும்.

முதல்ல வேலையைப் பார்ப்போம். எங்க பக்கம் பன்னீர் திராட்சை பந்தல்லதான் படரும். 2023ல புவிசார் குறியீடு வாங்குன திராட்சை. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதுல கொடியை ஏத்தி விட்டிருப்போம். கவாத்துக்கும் குலை வெட்டுறதுக்கும் கத்தரி இருக்குது. வாழைத்தார் வெட்ட அரிவாள் இருக்குது. மடக்குக் கத்திக்கு மிச்சம் இருக்கிறது சில்லறை வேலைதான். சணலை அறுக்கணும், சொட்டுநீர்க் குழாயை நறுக்கி இணைக்கணும், உர மூட்டைத் தையலைப் பிரிக்கணும், சாப்பாட்டு நேரத்துக்கு ரெண்டு இலை அறுக்கணும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வேணும், ஒவ்வொரு தடவையும் அரை நிமிசம்தான். மீதி நேரம் பூரா அது உடம்புல எங்கயாவது சும்மா கிடக்கணும். அதனாலதான் கத்தியோட தரத்தை விட அதை வைக்கிற இடம் முக்கியம்னு சொல்றேன்.

கைலி மடிப்புல சொருகுறது எங்க ஊர்ப் பழக்கம். பந்தலுக்குக் கீழே ரெண்டு கையையும் தூக்கி வேலை பார்க்கிறப்ப இடுப்புக் கட்டு இளகும், கத்தி நழுவும். கைலியை மடிச்சுக் கட்டும்போதும் அதே கதைதான். சட்டைப் பையில வச்சா வாய்க்கால்ல குனிஞ்ச உடனே தண்ணிக்குள்ள போயிரும். பின் பையில வச்சுக்கிட்டு பைக்ல உட்கார்ந்தா, ஒண்ணு குத்தும், இல்லைன்னா ரோட்டுல விழும்.

பேன்ட் முன் பை பரவாயில்லை, ஆனா தனியா இருக்கணும். சாவிக்கொத்தோட சேர்த்துப் போடாதீங்க. பெரும்பாலான மடக்குக் கத்தியில லாக் வச்சிருக்கிறது, திறந்த அலகு திடீர்னு விரல் மேல மடங்காம இருக்கத்தான். மடக்கி வச்ச அலகு திறக்காம இருக்க அது உதவாது. சாவி நுனி இடுக்குல நுழைஞ்சா அலகு லேசா வெளிய வந்துரும். அப்புறம் சில்லறை எடுக்கக் கை விடுறவன் விரல் என்னாகும்னு யோசிச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா, ஆம்பளைகளுக்குச் சரியான இடம் பெல்ட்டுல கோத்த மூடி போட்ட உறைதான். வலது கைக்காரனா இருந்தா வலது இடுப்புல, கொஞ்சம் பின்னால தள்ளி. நடு முதுகுல மட்டும் வேண்டாம், வரப்புல வழுக்கி மல்லாக்க விழுந்தா முதுகெலும்புக்குத்தான் கேடு. பெரியவங்க வேட்டி மேல கட்டுன அகலமான பச்சை பெல்ட்டை ஞாபகம் இருக்கா? பட்டன் வச்ச பை அதுலயே இருக்கும். காசு, வெற்றிலை, கத்தின்னு எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும். இன்னைக்குக் கடையில ஆயிரக்கணக்குல விலை சொல்ற உறையை விட அந்த யோசனை ஒண்ணும் குறைஞ்சது இல்லை.

இதுவரைக்கும் சொன்னது பை வச்ச உடுப்புக்காரங்களுக்கு. எங்க தோட்டங்கள்ல பாதிக்கு மேல வேலை பார்க்கிறது பொம்பளைகதான். அவங்க சேலைக்குப் பை கிடையாது. மேல போட்டுக்கிற ஆம்பளைச் சட்டையில நெஞ்சுப் பை ஒண்ணுதான். குனிஞ்சு களை எடுக்கிறவங்களுக்கு அது உதவாத இடம். விடியக்காலையில கம்பம்மெட்டு வழியாவும் போடிமெட்டு வழியாவும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்ல போற சனத்தைப் பாருங்க. ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்த மாதிரி நெருக்கம், போகப் போக வளைவு. அந்த நெருக்கத்துல இடுப்புல சொருகுன கத்தி யாரைக் குத்தும்னு சொல்ல முடியாது. கத்தியை எப்படி வச்சுக்கிறதுன்னு ஊர் உலகம் பேசுற பேச்சு முழுக்க பேன்ட் போட்டவனுக்கான பேச்சு. கத்தியை நிஜமா நாள் பூரா பயன்படுத்துறவங்க அதுல எங்கயுமே இல்லை.

அவங்களுக்கு விடை நம்ம வீட்டுலயே இருக்குது, அப்பத்தாவோட சுருக்குப்பை. பாக்குவெட்டியும் மடக்கி வைக்கிற வெட்டுச் சாமான்தானே? எத்தனையோ தலைமுறையா அதை அந்தப் பைக்குள்ள வச்சு இடுப்புல சொருகியிருக்காங்க. நாடாவை இழுத்துக் கட்டினா தானா வெளிய வராது. தடிச்ச துணியில சுருக்குப்பை தச்சு, கத்தியோட வளையத்துல ஒரு கயிறு போட்டுப் பையோட முடிஞ்சுட்டா, குனிஞ்சாலும் நிமிர்ந்தாலும் தொலையாது. ஜீப்ல போறப்ப சாப்பாட்டுத் தூக்கு இருக்கிற பையோட அடியில போட்டுறலாம். தோட்டம் வச்சிருக்கிற முதலாளிமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். கத்தி வாங்கிக் குடுக்கிறவர் பையையும் சேர்த்துக் குடுக்கலாம். தெற்கே பனையேறிகளைப் பாருங்க, பாளை அரிவாளை வெறுமனே இடுப்புல சொருகுறது இல்லை, அதுக்குன்னு ஒரு பெட்டி கட்டியிருப்பாங்க. கத்தியால பிழைக்கிறவங்க எப்பவும் கத்திக்கு முன்னாடி உறையைத்தான் யோசிச்சிருக்காங்க.

இனி வம்பு. மதுரை, தேனிப் பக்கத்து ஆள்னாலே சட்டைக்குள்ள முதுகுல அரிவாள் இருக்கும்னு சினிமா காட்டிக் காட்டி, எங்க பையன்கள்ல சிலரே அதை நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. திருவிழாவுக்குப் போறப்ப சட்டைக்குள்ள ஒரு மடக்குக் கத்தி. எதுக்குடான்னா, "சும்மா இருக்கட்டும்ணே". சும்மா இருக்கிற கத்தின்னு ஒண்ணு கிடையாது. இடுப்புல கத்தி இருக்குங்கிற நினைப்பே வாய்ப்பேச்சை நீட்டும். கைகலப்பு வந்தா கை தானா அங்க போகும். கன்னத்துல ஒரு அறையோட முடிய வேண்டியது ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ஜெயில்னு போகும். ரெண்டு குடும்பம் பத்து வருசம் அலையும்.

அதனாலதான், திறக்க நேரம் எடுக்கிற கத்திதான் நல்ல கத்திங்கிறது என் கட்சி. உறை மூடியைத் திறக்கணும், வெளிய எடுக்கணும், நகத்தால அலகை இழுக்கணும். சணல் அறுக்கிறவனுக்கு இந்த மூணு விநாடி ஒரு நஷ்டமும் இல்லை. கோபத்துல இருக்கிறவனுக்கு அந்த மூணு விநாடி பெரிய வரம். பட்டனை அமுக்கினா படக்குன்னு திறக்கிற ஸ்பிரிங் கத்தி விவசாயிக்குத் தேவையே இல்லை. கிளிப் போட்டு வெளிய தெரியுற மாதிரி மாட்டுறதும் எனக்குப் பிடிக்கலை. பந்தல் கம்பியில மாட்டும், பார்க்கிறவன் கண்ணுலயும் மாட்டும்.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்குது. 1959ஆம் வருசத்து ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செஞ்ச சாமானை ஆயுதக் கணக்குல சேர்க்கிறது இல்லை. 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற கத்தியை விதிகள் ஆயுதப் பட்டியல்ல வைக்குது, அதுலயும் வீடு, விவசாயம், தொழில் இதுகளுக்கான கத்திக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்துல இருக்கிற சொந்தக்காரங்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். அங்க பொது இடத்துல காரணம் சொல்லாம வச்சுக்கலாம்னா, அலகு 3 அங்குலத்துக்குள்ள இருக்கிற, லாக் இல்லாத மடக்குக் கத்தி மட்டும்தான். அதுக்கு மேலன்னா தகுந்த காரணம் வேணும். எங்க பார்த்தாலும் "எதுக்கு வச்சிருக்க?"ங்கிற கேள்விதான் அடிப்படை. பகல்ல தோட்டத்துல உறைக்குள்ள இருக்கிற கத்திக்குப் பதில் தானா இருக்குது. ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுல சட்டைக்குள்ள இருக்கிற அதே கத்திக்கு, போலீஸ்காரர்கிட்ட என்ன பதில் சொல்லுவீங்க?

மேகமலையும் தேக்கடியும் பார்க்க வர்றவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். 1972ஆம் வருசத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்ங்கிற சொல்லுக்குள்ளயே கத்தியும் வருது. சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதம் கொண்டு போகக் கூடாது. இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை, 2021ல புலிகள் காப்பகமா அறிவிச்சது. குமுளி தாண்டினா பெரியாறு புலிகள் காப்பகம். ஆப்பிள் நறுக்கத்தான் கொண்டு வந்தேன்னு அங்க போய் விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டாம். தங்குற ரூம்லயே வச்சுட்டுப் போங்க. விமானத்துல வர்றவங்க கைப்பையில வைக்காம, உள்ளே போடுற பெட்டியில வச்சு அனுப்புங்க.

கடைசியா, மடக்குறதுக்கு முன்னாடி துடைங்க. வாழைக்கறையும் மண்ணும் கீல்ல போய் உட்கார்ந்தா அடுத்த தடவை திறக்காது, பலவந்தமா இழுத்தா விரல்லதான் பாயும். நோய் பட்ட மரத்தை அறுத்த கத்தியைச் சுத்தம் பண்ணாம நல்ல மரத்துக்கிட்டயும் கொண்டு போகக் கூடாது. சாயங்காலம் கீல்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிள்ளைக கைக்கு எட்டாத இடத்துல வச்சிருங்க. எங்களுக்கு அந்த இடம் மோட்டார் ரூம் ஆணி. உறையோட அங்க மாட்டிட்டு வெறும் இடுப்போட வீட்டுக்குப் போறதுதான் வழக்கம். நகரத்துல இருக்கிற உங்களுக்கு அது அடுப்படி டிராயரா இருக்கலாம், வண்டியில இருக்கிற டூல்ஸ் பையா இருக்கலாம். வேலைக்குப் போறப்ப எடுங்க, வேலை முடிஞ்சா வச்சுட்டுப் போங்க.