கைப்பேசியில் மருத்துவர், கையிருப்பில் இரண்டு நாட்கள்

வீட்டுக் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "உங்கள் பங்காக எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்பதாகும். வீட்டின் முழு மதிப்புக்கும் வங்கி கடன் தருவதில்லை. விலை சரியலாம், வருமானம் தடைபடலாம் என்று ஒரு பகுதியை விட்டுவைப்பதையே 'மார்ஜின்' என்கிறோம். இருபது ஆண்டுகளாக வாடிக்கையாளர்களிடம் இதை எடுத்துரைத்து வந்த நான், சென்ற ஆண்டு ஜூன் மாதம் லடாக் சென்றபோது அதை அடியோடு மறந்துபோனேன்.

விடுப்புப் பயணச் சலுகையில் நானும் என் மனைவியும் அவருடைய அண்ணனும் தில்லியிலிருந்து காலை விமானத்தில் லே நகரில் இறங்கினோம். பயணம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள், கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருந்த நாங்கள் 3,500 மீட்டருக்கு வந்துவிட்டோம். அங்கும் காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே லேயில் உண்டு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் அதற்குப் பழகிக்கொள்ளச் சில நாட்கள் வேண்டும். எங்கள் பயண முகவர் வகுத்துத் தந்த திட்டத்திலோ, மூன்றாம் நாள் காலையிலேயே 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லா கணவாயைக் கடந்து நுப்ரா செல்ல வேண்டும் என்றிருந்தது. நானும் அதைச் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் நாள் இரவு மைத்துனருக்குத் தலைவலி தொடங்கியது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. பயணக் களைப்பு என்றார் அவர். என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய கைப்பேசி ப்ரீபெய்ட் இணைப்பு. வெளிமாநில ப்ரீபெய்ட் இணைப்புகள் லடாக்கில் இயங்குவதில்லை என்பதை அங்கே போன பிறகே அறிந்தோம். என்னுடைய போஸ்ட்பெய்ட் இணைப்பின் வழியாக, இணையவழி ஆலோசனைச் செயலி ஒன்றில் சென்னை மருத்துவர் ஒருவரை அழைத்தோம். காணொளி வரவில்லை. குரல் மட்டும் இருமுறை அறுந்து மீண்டும் வந்தது.

அவர் கேட்டவை சில கேள்விகளே. "படுத்திருக்கும்போது மூச்சு வாங்குகிறதா? இருமல் உண்டா? பேச்சில் குழப்பம் தெரிகிறதா?" பிறகு, குதிகாலுக்கு முன் விரலும் விரலுக்கு முன் குதிகாலுமாக ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். விடுதிக்காரர் கொண்டுவந்த ஆக்ஸிமீட்டர் 81 காட்டியது. "விரல்கள் சில்லிட்டிருக்கின்றனவா? தேய்த்துச் சூடேற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள்" என்றார். இப்போது 87 வந்தது. சமவெளியில் அந்த எண் எவரையும் பதறச் செய்யும். அந்த உயரத்தில் முதல் ஓரிரு நாட்களில் 90ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ இருப்பது இயல்பே என்பதை அந்த மருத்துவர் அறிந்திருந்தார். அறியாத ஒருவர் வாய்த்திருந்தால் தேவையின்றி எங்களைப் பதறச் செய்திருக்கலாம். வெறும் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை சொல்லி முடித்தும் இருக்கலாம்.

முடிவாக அவர் சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது: "நாளை கணவாய் ஏறக் கூடாது. இன்றிரவு தனியே தூங்க விடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, இருமல் தொடங்கினாலோ, நடை தடுமாறினாலோ எனக்கு அழைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்."

தொலைமருத்துவத்தின் பயனும் எல்லையும் இந்தச் சில வாக்கியங்களில் அடங்கிவிட்டன. உயரத்தால் வரும் நோய்க்கு மூன்று முகங்கள் உண்டு. தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்குவது முதலாவது. ஓய்வெடுத்து மேலே ஏறாமலிருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தணிந்துவிடும். நுரையீரலில் நீர் கோப்பது இரண்டாவது. மூளை வீங்குவது மூன்றாவது. பின்னிரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை. அவற்றுக்கு உரிய சிகிச்சை ஆக்ஸிஜனும் உடனே கீழே இறங்குவதும்தான். 1962 போரின்போது சமவெளியிலிருந்து திடீரென மலைமேல் கொண்டுசெல்லப்பட்ட நம் வீரர்கள் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் போற்றப்படுகிறது. நம் வீரர்கள் உடல் வருத்தி ஈட்டித் தந்த இந்தப் பாடத்தை, சுற்றுலாப் பயணிகளாகிய நாம் மறந்துவிடக் கூடாது.

திரைக்கு அப்பால் இருக்கும் மருத்துவரால் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்க இயலாது. ஆக்ஸிஜன் தர இயலாது. நம்மைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கவும் இயலாது. லேயிலிருந்து இறங்குவதும் எளிதன்று. ஸ்ரீநகர் சாலையில் 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவைக் கடக்க வேண்டும். மணாலி சாலையில் 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா குறுக்கிடுகிறது. அதாவது, சாலை வழியே இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும்.

இணையவழி ஆலோசனை வீண் என்பதன்று என் கருத்து. அதை நாம் தவறான நேரத்தில் நாடுகிறோம் என்பதே. அதன் முழுப் பயன் புறப்படுவதற்கு முன்னர்தான் கிட்டும். அன்றிரவு நள்ளிரவில் கேட்டதை இரண்டு வாரங்களுக்கு முன்பு ஊரிலிருந்தே கேட்டிருந்தால், அந்த மருத்துவர் மைத்துனரின் இரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றி விசாரித்திருப்பார்; அசெட்டசோலமைடு மருந்து அவருக்குப் பொருந்துமா, சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று பார்த்திருப்பார்; எல்லாவற்றுக்கும் மேலாக, பயணத் திட்டத்தைத் திருத்தச் சொல்லியிருப்பார். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பவை மலை மருத்துவத்தின் பொதுவான விதிகள்.

அமர்நாத் யாத்திரைக்கு உடல்நலச் சான்றிதழ் கட்டாயம். சுமார் 3,900 மீட்டர் உயரத்திலுள்ள குகைக்குச் செல்பவரிடம் கேட்பதை, 5,300 மீட்டரைத் தாண்டும் கணவாய்க்கு வாகனத்தில் செல்பவரிடம் ஏன் கேட்பதில்லை? சான்றிதழாகக்கூட வேண்டாம், லேக்கு விமானச் சீட்டு வாங்கும்போதே பத்து நிமிட இணையவழி ஆலோசனை ஒன்றை இணைத்துத் தந்தால் போதும். 2020 மார்ச் மாதம் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் இத்தகைய ஆலோசனைக்கு ஏற்கெனவே வழி வகுத்துள்ளன. அவசர நிலையில் நோயாளியை நேரடிச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதே நெறிமுறைகள் தெளிவுபடுத்துகின்றன. 'இ சஞ்சீவனி' சேவையில் இந்த ஆலோசனையைக் கட்டணமின்றியும் பெறலாம்.

மலைப்பகுதியிலேயே தொலைமருத்துவம் உதவ வேண்டுமானால், நோயாளியின் பக்கத்தில் ஒரு செவிலியரும் ஆக்ஸிஜனும் கருவிகளும் இருக்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் காசா, கேலாங் ஆகிய இடங்களில் 2015 முதல் இம்முறையில் அவசரச் சேவை நடத்தப்பட்டு வந்துள்ளது. தொலைவில் உள்ள மருத்துவர் சொல்ல, அருகில் உள்ளவர் செய்கிறார். பயணிகள் திரளும் ஏரிக்கரைகளிலும் கணவாய் அடிவாரங்களிலும் இத்தகைய மையங்கள் பெருகுவதே, புதிய செயலிகளைவிட அவசரத் தேவை.

மருத்துவர் கைப்பேசியிலேயே இருக்கிறார் என்னும் எண்ணம் பொய்யான துணிவைத் தரும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆலோசனை கேட்பதைவிட அதற்குக் கீழ்ப்படிவதே கடினம். மருத்துவர் பேசி முடித்ததும் மைத்துனர் கேட்டது இது: "மாப்பிள்ளை, நாளைய வண்டிக்கும் நுப்ரா கூடாரத்துக்கும் கட்டிய பதினெட்டாயிரம் திரும்பி வருமா?" வராது என்றேன். "அப்படியானால் போய்த்தான் பார்ப்போமே" என்றார் அவர். "அண்ணா, பணம் போனால் போகட்டும்" என்று என் மனைவி அழுத்தமாகச் சொன்னதால்தான் தங்கினோம். உண்மையைச் சொன்னால், அந்தத் தொகையை நானும் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டுதான் இருந்தேன். செலவழித்துவிட்ட பணத்துக்காக மேலும் இழக்கத் துணிவது முதலீட்டில் மட்டும் நேர்வதன்று. மறுநாள் காலை மருத்துவமனையில் மைத்துனரைப் பரிசோதித்து, சிறிது நேரம் ஆக்ஸிஜன் கொடுத்து, இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் தேறினார். நுப்ராவை நாங்கள் பார்க்கவில்லை.

ஆகவே மலையேறும் வாடிக்கையாளர்களுக்கு என் வேண்டுகோள்: திட்டத்தில் இரண்டு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் காலியாக வையுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவையே தேர்ந்தெடுங்கள். குடும்பத்தில் ஒருவரிடமேனும் போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கட்டும். இணையம் அறுந்தால் யுபிஐ செயலியும் இயங்காமல் போகலாம். ஆகவே ரொக்கமும் இருக்கட்டும். ஆலோசனைக் கட்டணம் ஏற்கப்படும் மருத்துவக் காப்பீட்டில் தொலைமருத்துவ ஆலோசனையையும் ஏற்குமாறு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூன் மாதத்தில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் பாலிசியில் அது உண்டா, உயர வரம்பு ஏதும் குறிக்கப்பட்டுள்ளதா, அவசரமாகக் கீழே கொண்டுவரும் செலவு அடங்குமா என்று புறப்படும் முன்பே படித்துப் பாருங்கள்.

"ஏறாதீர்கள்" என்று மருத்துவர் சொன்னால் அதை ஏற்பதற்கு நமக்கு நாட்களும் வேண்டும், பணமும் வேண்டும். இரண்டையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொள்வதுதான் பயணியின் மார்ஜின்.