அயலூர் தந்த சிறு இன்பங்கள்

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, சுக்குக் காப்பி அருந்தியவாறு அன்பர்கள் அளவளாவும் வேளையில், பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிவது ஓரிடத்தில்தான். ஊரில் விட்டுவந்த வேப்பமரம், ஊர்க் கிணற்றுத் தண்ணீர், ஊர்த் தேர்த்திருவிழா என்று இழந்தவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பிள்ளைகள் அருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சென்ற மாதம் அவ்வாறு நின்ற சிறுமி ஒருத்தி, "அப்படியானால் நாம் ஏன் இங்கே இருக்கிறோம், தாத்தா?" என்று நம்மைக் கேட்டுவிட்டாள். உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. இம்மாதப் பகுதியை அவளுக்குரிய விடையாகவே எழுதுகின்றோம்.

நாம் திருவனந்தபுரத்துக்கு வந்தது 1984-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில். ஒரு மிஷன் பள்ளியில் கணித ஆசிரியர் பணி. சொந்த ஊர் கோவில்பட்டி. கரிசல் மண்ணில், வானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். தம்பானூரில் பேருந்தை விட்டு இறங்கும்போது இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கையில் குடையில்லை.

வாடகை அறையில் பெட்டியை வைத்த சிறிது நேரத்தில், வீட்டுக்கார அம்மையார் வாயிலில் வந்து நின்று, "சாரினு வெள்ளம் வேணோ?" என்று வினவினார். வெளியே பேய்மழை. 'வெள்ளம்' என்னும் சொல் செவியில் விழுந்ததுதான் தாமதம். பாயையும் தலையணையையும் சுருட்டி மேசைமேல் ஏற்றினோம். அம்மையார் ஒரு கணம் திகைத்தார். பிறகு உள்ளே சென்று, ஒரு செம்பு நிறைய இளஞ்சிவப்பு நீரைக் கொண்டுவந்து நீட்டினார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பதும், பதிமுகப் பட்டையிட்டுக் காய்ச்சியதால் அந்நிறம் வந்தது என்பதும் பின்னரே விளங்கின. மேசைமேல் இருந்த பாயைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு, இவ்வூரில் நாம் பெற்ற முதல் உபசாரம்.

பள்ளியிலும் இதே கதைதான். ஒருநாள் தலைமையாசிரியர் நம்மை அழைத்து, "சாரின்றெ கிளாஸில் சம்சாரம் கூடுதலாணு" என்றார். அப்போது நமக்குத் திருமணமே ஆகவில்லை. ஒன்றுகூட இல்லாதவனிடம் கூடுதல் என்கிறாரே என்று விழித்தோம். வகுப்பில் பேச்சு அதிகம் என்பதே அவர் சொல்லவந்தது.

இவையெல்லாம் வேடிக்கை. ஆயினும் ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் தைத்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் நம் ஊர் எது என்று கேட்டான். "கோவில்பட்டி" என்றோம். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவர்கள் மொழியில் பட்டி என்றால் நாய்! அச்சிரிப்பைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. பின்வரிசையில் ஒருவன் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். கரமனையில் குடியிருந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. தன் வீட்டில் பேசும் மொழி வெளியே தெரிந்துவிடுமோ என்று அவன் அஞ்சுவதைக் கண்டபோதுதான் வேதனை உண்டாயிற்று.

மறுநாள் கணக்குப் பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் வெள்ளம், சம்சாரம், பட்டி என மூன்று சொற்களை எழுதினோம். "இவற்றுக்கு இரண்டு மொழியிலும் பொருள் சொல்லக்கூடியவர் யார்?" என்று கேட்டோம். நெடுநேரம் தயங்கிய பின், கரமனைப் பையன் எழுந்தான். பெருகிவரும் நீர் என்றான்; மனைவி என்றான்; ஆட்டுக்கிடை என்றும் சிற்றூர் என்றும் சொன்னான். மூன்றுக்கும் மலையாளப் பொருளையும் சொன்னான். நாம் மேசைமேல் பாயை ஏற்றிய கதையைக் கூறவே, வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான். அன்று மாலையே இரண்டு மலையாளப் பிள்ளைகள் அவனிடம் தமிழ் எழுத்துக் கேட்கத் தொடங்கினர்.

நிற்க. சிறு இன்பங்கள் என்று சொன்னோமே, அவை வேறு என்னென்ன? ஜூன் மாதம் பள்ளி திறக்கும் காலையில் வாயிலருகே வரிசையாக விரிந்து வரும் சின்னஞ்சிறு குடைகள். ஆசிரியர் ஆணாயினும் பெண்ணாயினும் வேற்றுமையின்றிப் பிள்ளைகள் அழைக்கும் "சாரே" என்னும் அழைப்பு. பாளையம் சந்திப்பில் கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்க, அவற்றின் ஒலிகளைக் கேட்டவாறு நடக்கும் நடை. விருந்தின் முடிவில் போளியைப் பிய்த்துப் பாயசத்தில் தோய்த்து உண்ணும் இவ்வூர் வழக்கம். 1829-இல் தோன்றிய பொது நூலகத்தில் கழியும் சனிக்கிழமைப் பிற்பகல். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆசிரியர் சம்பளத்துக்குள் அடங்கியவையே எல்லாம்.

திருமணமாகி நம் இல்லாள் இங்கு வந்தபோது, அவளுக்கு இவ்வூர் அந்நியமாகவே இருந்தது. மாசி மாதத்தில் ஆற்றுக்கால் பொங்காலை வந்தது. வீட்டுக்கார அம்மையார் விடியுமுன்பே தெருவோரத்தில் தம் அடுப்புக்கு மூன்று செங்கற்களும், பக்கத்தில் இன்னொரு மூன்று செங்கற்களும் வைத்து இடம்பிடித்திருந்தார். "இது ஆருக்கு, சேச்சி?" என்று இவள் கேட்க, "நினக்கு" என்றார் அவர். அத்திருவிழாவில் பாடப்படும் தோற்றம் பாட்டு கண்ணகியின் கதையைச் சொல்வது. பூம்புகாரில் பிறந்து, மதுரையை எரித்து, சேரநாட்டுக்கு வந்தவள் கண்ணகி. "அவளே இங்கே குடியேறியவள்தானே!" என்று நம் இல்லாள் அன்று மாலை சொன்னாள். அதன்பின் ஊருக்குப் போகவேண்டும் என்ற புலம்பல் குறைந்தது.

இவ்வூரில் அயலாராக வந்து கற்பித்தவர்கள் நமக்கு முன்னும் பலர் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன் ஆசிரியை அகஸ்டா பிளாண்ட்ஃபோர்ட் அம்மையார் 1864-இல் கோட்டைப் பகுதியில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். 'சங்கின் நாடு' எனப் பொருள்படும் தலைப்பில் இந்நாட்டைப் பற்றி நூலும் எழுதினார். மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த டாக்டர் ஹார்வியும் கடல் கடந்து வந்தவரே. அவருடைய மாணவர் பெ. சுந்தரம் பிள்ளை, 1855-இல் ஆலப்புழையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தம் 'மனோன்மணீய'த்தை ஆசிரியருக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இடத்துக்கு 'ஹார்விபுரம்' என்று பெயரும் இட்டார். 1891-இல் வெளிவந்த அந்நாடகத்தின் வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுத்ததே இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடல். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் ஒலிக்கும் பாட்டு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் எழுதியது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

பெற்றோர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. ஊரைப் பற்றிய நினைவு நல்லது, அதைச் சொல்லுங்கள். ஆனால் ஏக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துவிடாதீர்கள். பெற்றோர் நாள்தோறும் பெருமூச்சு விடும் வீட்டில் வளரும் குழந்தைக்குத் தமிழ் ஒரு துக்கச் செய்தியாகிவிடும். அதை அவள் வெளியே மறைப்பாள். இவ்வூரில் நீங்கள் சிரித்த சிரிப்பையும் அவளுக்குத் தமிழிலேயே சொல்லுங்கள். அப்போது அவளுக்கு இரண்டு ஊரும் கிட்டும்.

அண்மையில் சாலைக் கடைத்தெருவில் "சாரே!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினோம். நரைத்த தலையோடு நின்றவர் அந்தக் கரமனைப் பையன்தான். அவர் கடையின் பெயர்ப்பலகையில் மலையாளமும் தமிழும் அருகருகே இருந்தன. நாற்காலி போட்டு அமரவைத்து, "வெள்ளம் வேணுமா, சார்?" என்று கண்சிமிட்டினார்.

நம்மைக் கேள்வி கேட்ட சிறுமி இப்போதுதான் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவள் தாயார் இதைப் படித்துக் காட்டட்டும். பாயை மேசைமேல் ஏற்றிய இடத்தை மட்டும் அவளே படிக்கட்டும்.