எதிர் நாற்காலி

விடிந்ததும் விடியாததுமாக வாட்ஸ்அப்பில் ஒரு உபதேசம் வந்து விழுந்தது. 'தடைகளைப் படிக்கட்டுகளாக்கிய மாமனிதர்' என்று தலைப்பு. கீழே மூன்று கைதட்டல், ஒரு ராக்கெட். தன்னம்பிக்கைக் கதைகளுக்கும் எனக்கும் ஆகாது என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எடிசன் பல்பு கதையோடு நான் போட்ட சண்டையை இன்னும் சிலர் மன்னிக்கவில்லை. இந்த முறை மாட்டியவர் பால் வில்லியம்ஸ். சும்மா விட மனசு வரவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் கட்டடக்கலைஞர். 1894-இல் பிறந்து, சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 1923-இல் சேர்த்துக்கொண்ட முதல் கறுப்பர். ஃபிராங்க் சினாட்ரா, லூசில் பால் என்று ஹாலிவுட்டே அவரிடம் வீடு கட்டிக்கொண்டது. வந்தவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பார்வைக்கு நேராகத் தெரியும்படி, வீட்டைத் தலைகீழாகவே வரைந்து காட்டுவார். வாட்ஸ்அப் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுகிறது.

ஏன் எதிரே உட்கார்ந்தார்? கறுப்பர் ஒருவர் தோளோடு தோள் வந்து உட்கார்ந்தால் வெள்ளைக்கார வாடிக்கையாளர் நெளிவார், அதனால். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பாராம். கைகுலுக்குவதா வேண்டாமா என்ற சங்கடம் எதிராளிக்கு வரக் கூடாதே! ஊரின் அழகான பகுதிகளில் மாளிகைகளுக்கு வரைந்து கொடுத்துவிட்டு, கறுப்பர் என்பதால் சுமாரான பகுதியில் இருக்கும் தன் சின்ன வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருப்பதை 1937-இல் ஒரு பத்திரிகையில் அவரே எழுதினார். கறுப்பருக்கு விற்கக் கூடாதென்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் அது. கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 2017-இல். மனிதர் இறந்து 37 வருஷம் ஆகியிருந்தது. இதற்கு எந்த ராக்கெட் போடுவது?

ஆனாலும் வில்லியம்ஸ் தன் பெயரில் அலுவலகம் நடத்தினார். எதிர் நாற்காலியாவது இருந்தது. ஃபிலடெல்பியாவின் ஜூலியன் அபீலுக்கு அதுவும் இல்லை.

அபீல் 1902-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர். அந்தத் துறையின் முதல் கறுப்பினப் பட்டதாரி. கல்லூரி வாசலை மிதிக்காத ஹொரேஸ் டிரம்பாவர் என்ற வெள்ளையரிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1909 முதல் அந்த நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர். ஹார்வர்டின் வைடனர் நூலகம் அங்கே உருவானதுதான். 'ராக்கி' படத்தில் ஸ்டாலோன் ஓடி ஏறுவாரே, அந்தப் படிக்கட்டுக்கு மேலே நிற்கும் ஃபிலடெல்பியா அருங்காட்சியகத்தில் பலர் கை இருக்கிறது, அபீலின் கையும் சேர்த்து. வெளியே போனதெல்லாம் முதலாளி பெயரில். அந்தக் கால அலுவலக வழக்கம் அது, வெள்ளைக்கார டிராஃப்ட்ஸ்மேனுக்கும் அதே கதிதான் என்பார்கள். சரி. அந்த வெள்ளைக்காரர் கோபித்துக்கொண்டு வெளியேறித் தனிக் கடை போட்டிருந்தால் வாடிக்கையாளர் வந்திருப்பார். அபீல் போட்டிருந்தால்?

1924-க்குப் பிறகு வந்தது பெரிய வேலை. வட கரோலினாவில் புகையிலைப் பணத்தில் எழுந்த டியூக் பல்கலைக்கழகம். ஒரு வளாகம் ஜார்ஜியன் பாணியில், இன்னொன்று கோதிக். நடுநாயகமாக 210 அடிக் கோபுரத்தோடு தேவாலயம். எல்லாம் அபீலின் மேசையில் உருவானவை. அவர் வரைந்த வகுப்பறைகளில் அவர் பிள்ளைகள் உட்கார முடியாது. இளநிலைப் படிப்பில் கறுப்பின மாணவர்கள் நுழைந்தது 1963-இல்தான். அபீல் 1950-இலேயே போய்விட்டார். கட்டடக்கலைஞர் கழகம் அவரை உறுப்பினராக்கியது 1942-இல், 61 வயதில்.

1986-இல் கதை திரும்பியது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு தொடர்புள்ள கம்பெனிகளில் டியூக் போட்டிருந்த முதலீட்டை எதிர்த்து, மாணவர்கள் தேவாலயத்துக்கு முன்னால் குடிசைகள் போட்டார்கள். அழகான வளாகம் எங்கள் உரிமை, குடிசைகள் அதைக் கெடுக்கின்றன என்று மாணவர் பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதினார். அங்கே படித்துக்கொண்டிருந்த சூசன் குக் பதில் எழுதினார். நீங்கள் கொண்டாடும் இந்த அழகை வரைந்தவர் என் கொள்ளுப்பாட்டி வழித் தாத்தா முறை. அவரே சொந்த நாட்டில் நிறவெறிக்கு ஆளான கறுப்பர். குடிசை போட்டவர்கள் பக்கம்தான் நின்றிருப்பார் என்பது அந்தப் பதிலின் சாரம். தினமும் அந்தக் கோபுரத்தடியில் நடந்தவர்களில் பலருக்கு அதுவரை அபீல் யாரென்றே தெரியாது.

பிறகு அவர் படத்தை மாட்டினார்கள். 2016-இல் நடு வளாகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். பெயர் சூட்டு விழாவில் யார் யாருக்கு நன்றி சொன்னார்களோ. என்னைக் கேட்டால், குடிசை கண்ணை உறுத்துகிறது என்று மூக்கைச் சுளித்து எழுதினாரே ஒரு மாணவர், அவருக்கும் ஒரு மாலை வாங்கியிருப்பேன்.