வெட்டுண்ட கையும் வீசியெறிந்த வாளும்

வாழ்நாளெல்லாம் கொடுமை செய்த ஒருவன் இறக்கும் தறுவாயில் ஒரேயொரு நற்செயலைச் செய்துவிட்டால், அவன் மீட்படைந்தவன் ஆகிவிடுவானா? ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிக் கற்பனைக் காவியத்தைக் குறித்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுந்துவரும் வினா இது. இதற்கு இரு சாரார் இரு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். ‘ஒரு நொடி நன்மையால் ஓராயிரம் கொலைகள் கழுவப்படுமெனில் நீதி எதற்கு?’ என்று சினக்கின்றனர் முதல் சாரார். ‘எத்தகைய தந்தையையும் பிள்ளைகள் மன்னித்தே ஆகவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?’ என்று உருகுகின்றனர் மறு சாரார். இவ்விரு விடைகளும் பிழையானவை. இரண்டாவது விடையோ பிழையானது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட என்பதே என் துணிபு.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் லூகாஸ் படைத்த இக்கதையின் முதல் மூன்று படங்கள் 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. கொடுங்கோல் பேரரசனின் வலக்கையாக விளங்குபவன் டார்த் வேடர். கருப்பு முகமூடியும், சுவாசக் கருவியின் இரைச்சலும், இயந்திர உறுப்புகளுமே அவன் தோற்றம். அவனை எதிர்க்கும் இளைஞன் லூக் ஸ்கைவாக்கர். இரண்டாம் படத்தில், மேகங்களிடையே மிதக்கும் நகரொன்றில் இருவரும் பொருதுகின்றனர். வேடரின் ஒளிவாள் லூக்கின் வலக்கையைத் துண்டிக்கிறது. அதன் பின்னரே, ‘நானே உன் தந்தை’ என்னும் உண்மையை வேடர் வெளிப்படுத்துகிறான். இருவரும் இணைந்து விண்வெளியை ஆளலாம் என்று அழைத்துக் கை நீட்டுகிறான். முதலில் காயம், அதன் பின்னர் உறவு, அதன் பின்னர் பேரம்! மகனோ அக்கையைப் பற்ற மறுத்து, ஆழத்தில் விழுந்துவிடுகிறான்.

தந்தையின் முன்கதையை 1999 முதல் 2005 வரை வெளிவந்த மூன்று படங்கள் கூறுகின்றன. அனகின் என்னும் பெயருடைய அவன், மனைவியை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தால் தீமைக்குத் தன்னை விற்கிறான். ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சிறார்களையும் கொல்கிறான். தன் ஆசானாகிய ஓபி-வானோடு பொருதி, உறுப்புகளை இழந்து, எரிமலைக் குழம்பின் கரையில் வெந்து உருக்குலைகிறான். எஞ்சிய உடலைத்தான் அந்தக் கருப்புக் கவசம் மூடியிருக்கிறது. ஆக, வெட்டுண்டவனே வெட்டுகிறான், காயப்பட்டவனே காயப்படுத்துகிறான். பாவம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறும் விதத்தை இதைவிடத் தெளிவாகச் சித்திரிக்க இயலுமோ?

இனி, மீட்பு நிகழும் இடத்திற்கு வருவோம். பேரரசனைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்து மகனைக் காக்கும் வேடரின் செயலில்தான் மீட்பு இருக்கிறது என்றே இரு சாராரும் கருதுகின்றனர். அவர்கள் தாமதமாக வருகின்றனர். 1983-ஆம் ஆண்டுப் படத்தைச் சற்றுப் பொறுமையோடு நோக்குங்கள். பேரரசனின் அரியணைக்கு முன் தந்தையும் மகனும் மீண்டும் பொருதுகின்றனர். லூக்கிற்கு லேயா என்னும் உடன்பிறந்தவள் உண்டு என்பதை அறிந்துகொண்ட வேடர், அவளையும் தீமையின் பக்கம் திருப்புவேன் என்று அச்சுறுத்துகிறான். மகனின் பொறுமை உடைகிறது. வெறியோடு தாக்கித் தந்தையை வீழ்த்தி, அவனது வலக்கையைத் துண்டிக்கிறான். பேரரசன் களிப்படைகிறான், தந்தையைக் கொன்று அவன் இடத்தைப் பெற்றுக்கொள் என்கிறான்.

அப்போது லூக் தந்தையின் வெட்டுண்ட கையைப் பார்க்கிறான். அங்கே தசை இல்லை, கம்பிகள்தாம் தொங்குகின்றன. பின்பு கருப்புக் கையுறை அணிந்த தன் கையைப் பார்க்கிறான். அதுவும் இயந்திரக் கையே. வாளை வீசி எறிந்துவிடுகிறான். மீட்பின் வாயில் திறந்தது இந்த இடத்தில்தான். பகைவனின் காயத்தில் தன் காயத்தையும், பகைவனின் கொடுமையில் தன் கொடுமையையும் கண்டுகொண்ட நொடி அது. இரண்டாம் படத்தின் குகைக் காட்சியில், வேடரின் உருவைக் கண்டு அதன் தலையை அவன் வெட்டியபோது, உடைந்த முகமூடிக்குள் தெரிந்தது அவனுடைய முகமே அன்றோ! அன்று விளங்காத பாடம் இன்று விளங்குகிறது.

ஆகவே, லூக்கைக் கிறிஸ்துவின் உருவகமாக்கி மகிழும் விளக்கங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிறிஸ்து மாசற்றவர். இவனோ ஒரு நிமிடத்திற்கு முன்புதான் வெறுப்பினால் தந்தையை வெட்டியவன். இங்கே ஒரு பாவி மற்றொரு பாவிக்கு முன் ஆயுதம் களைந்து நிற்கிறான். தந்தை திருந்தும்வரை அவன் காத்திருக்கவில்லை. திருந்தினால் மன்னிப்பேன் என்று நிபந்தனை விதிக்கவும் இல்லை. பேரரசனின் மின்னல்கள் அவன் உடலைச் சுட்டெரித்த பிறகே தந்தையின் நெஞ்சு அசைகிறது. மனமாற்றத்திற்கு முன்னரே அருள் வந்து நிற்கிறது என்பது திருச்சபையின் போதனை. வளர்ந்தோர் இறைவனுக்கு ஏற்புடையோராவதன் தொடக்கமே, அவர்தம் தகுதி எதையும் பாராது முந்திவரும் இறையருள்தான் என 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் கற்பித்தது. அந்த அருளின் மங்கலான நிழலை இக்காட்சியில் காணலாம், நிழலை மட்டுமே.

இனி முதல் சாராருக்கு வருவோம். ‘கணக்குத் தீர்ந்துவிட்டதா?’ என்பது அவர்கள் கேள்வி. தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக யார் சொன்னது? குற்றம் மன்னிக்கப்படுவது வேறு. குற்றத்தின் விளைவுகள் சீர்செய்யப்படுவது வேறு. பாவ மன்னிப்பு பாவத்தை அகற்றுகிறது, ஆனால் பாவம் விளைவித்த சீர்கேடுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடுவதில்லை என 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாக உரைக்கிறது. எனவேதான் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயரோடும் அறிக்கையோடும் பரிகாரமும் இடம்பெறுகிறது. வேடருக்குப் பரிகாரம் செய்ய நாள்கள் இல்லை. அவன் மனம் மாறியதால் கொல்லப்பட்ட சிறார்கள் எழுந்து வரவில்லை. சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனும் தான் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்காக அவனுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியைச் செல்லாது என்போமா? மீட்பு என்பது இறைவன் தரும் கொடை; அது நாம் எழுதிவைத்த கணக்கேட்டின் கடைசி வரி அன்று.

மறு சாராரிடம்தான் எனக்குக் கடுமையான வழக்கு உண்டு. ‘என்ன இருந்தாலும் பெற்ற தகப்பன் அல்லவா?’ என்ற ஒற்றை வாக்கியத்தால், அடிபட்ட பிள்ளைகளின் வாயை அடைப்பவர்கள் இவர்கள். குடித்துவிட்டு வந்து மனைவி மக்களைத் துன்புறுத்தும் ஒருவனின் வீட்டிற்குள், அஞ்சி வெளியேறிய பிள்ளையைத் திரும்ப அனுப்பிவைப்பதை இரக்கம் என்று எண்ணுகின்றனர். இவர்கள் லூக்கைச் சான்றுக்கு அழைப்பார்களாயின், அவனை முழுமையாகப் பார்க்கட்டும். அவன் தந்தையின் குற்றத்தை ஒருபோதும் மறைத்துப் பேசவில்லை. தந்தையின் ஆட்சியில் பங்கேற்கவும் இல்லை. நன்மையின் ஒரு துளி உன்னில் எஞ்சியிருக்கிறது என்றான். நீ செய்ததெல்லாம் நன்மையே என்று சொல்லவில்லை.

லேயாவையும் சற்று எண்ணிப் பாருங்கள். அவளும் வேடரின் பிள்ளையே. தன் தந்தை இன்னார் என்று அறியாமலேயே 1977-ஆம் ஆண்டுப் படத்தில் அவனிடம் சிறைப்பட்டு வதைபட்டவள். அவள் வளர்ந்த கோளாகிய ஆல்டரான் தகர்க்கப்பட்டபோது, வேடர் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்க, கண்ணாரக் கண்டவள். இறுதியில் வேடரின் உடலை லூக் தனியாகவே எரியூட்டுகிறான். அந்தச் சிதையருகே லேயா இல்லை. ‘நீயும் வந்து மன்னித்துவிடு’ என்று அவன் அவளை இழுத்து வரவுமில்லை. தன் காயத்தை மன்னிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. தமக்கையோ தங்கையோ பெற்ற காயத்தை அவள் சார்பில் மன்னிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. இதை உணர்ந்த மகனைப் புகழ்ந்துகொண்டே, உணராத அறிவுரைகளை நாம் வழங்கலாமோ?

அன்பு கட்டாயம் வென்றுவிடும் என்பாரும் உளர். 2015-இல் வந்த படத்தைக் காட்டுவேன். அதில் ஹான் சோலோ என்னும் தந்தை, தீமையில் வீழ்ந்த தன் மகனை அழைத்துவரப் பாலத்தின்மேல் நடந்து செல்கிறான். மகன் அவனை வாளால் ஊடுருவிக் கொல்கிறான். இறக்கும் தந்தையின் கை மகனின் கன்னத்தை வருடுகிறது. அந்த மகன் திரும்பியது 2019-இல் வந்த படத்தில். தந்தை உயிரோடிருந்து அதைக் காணவில்லை. இரக்கம் வெற்றிக்கான உத்தி அன்று. அது விலை கேட்கும். அந்த விலையைக் கொடுக்க ஒருவர் தாமே முன்வருவது சிலுவை. பிறர் தோளில் அதை நாம் ஏற்றுவது வன்முறை.

இறுதியாக, படைத்தவர்மீதும் ஒரு குறை உண்டு. 1983-இல், இறந்த தந்தை ஒளியுருவில் தோன்றும்போது முதியவராகவே தோன்றினார். செபாஸ்டியன் ஷா அதில் நடித்திருந்தார். 2004-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரை நீக்கிவிட்டு, முன்கதைப் படங்களில் நடித்த ஹெய்டன் கிறிஸ்டென்சனின் இளமுகத்தைப் பொருத்தினர். பாவத்தில் வீழுமுன் இருந்தவனே மீட்கப்பட்டான் என்பது போன்ற திருத்தம் இது! வீழுமுன் இருந்தவனுக்கு மீட்பு எதற்கு? இருபதாண்டுகளுக்கு மேல் இருளில் கிடந்த அந்த முதியவனுக்கல்லவா அது தேவைப்பட்டது? உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை அழித்துவிட்டு வரவில்லை. அவற்றையே தோமாவிடம் காட்டினார்.

லூக்கின் வலக்கை கதை முடியும்போதும் இயந்திரக் கையே. தந்தையை மன்னித்ததால் அது மீண்டும் முளைத்துவிடவில்லை. மன்னித்தவனை நோக்கி, ‘இன்னும் ஏன் வலிக்கிறது என்கிறாய்?’ என்று கேளாதிருப்போம். மன்னிக்க இன்னும் இயலாதவனை நோக்கி, ‘நீ எப்படிப்பட்ட பிள்ளை?’ என்றும் கேளாதிருப்போம். முதலில் அவன் காயத்தைப் பார்ப்போம்.